இரண்டு காலி வட்டங்கள்

மே 30, வெள்ளி

அமரால் பட்டறையில் கடைசி நாள். ஆறு வருடம் இங்கே இரும்புத் துண்டுகளை அளந்தாயிற்று. தலைமுடி அளவு பிசகினாலும் தூக்கிக் குப்பையில் போடுவதுதான் என் வேலை. விடைகொடுக்க கில்பர்ட் அமரால் வெளியே வரவில்லை. முதலாளி இல்லையா, அப்படித்தான் இருப்பார். கணக்கறை கானி ரபோசாதான் காகிதக் கட்டோடு வந்தாள்.

பழைய கம்பெனியின் மருத்துவக் காப்பீட்டை என் சொந்தச் செலவில் தொடரலாமாம். முடிவெடுக்க அறுபது நாள். அதற்குள் எப்போது கையெழுத்துப் போட்டாலும், விட்டுப்போன மாதங்களுக்கும் சேர்த்துக் கட்டினால், முதல் நாளிலிருந்தே செல்லும்.

"இதைப் பிடிச்சுத் தொங்காதே, டெல். மாநில அரசு மூலமா வேற ஒண்ணு எடுத்துக்கோ," என்றாள் கானி.

"ஏன்?"

"சொன்னா கேளேன்."

காரணம் இல்லாத அறிவுரையை நான் எப்போது கேட்டேன்?

ஜூன் 2, திங்கள்

நியூ பெட்ஃபோர்டில் புது வேலை. எலும்பில் பொருத்தும் திருகாணிகள். அளவுக் கருவிகள் அருமை, காபி கேவலம். இங்கே காப்பீடு ஆகஸ்ட் முதல் தேதிதான் தொடங்கும்.

ஜூன் 6, வெள்ளி

திட்டம் இதுதான். எழுதி வைத்துக்கொள்கிறேன், என் மனைவி நீடியா கேட்டால் காட்டலாம்.

நீடியாவுக்குக் குடல் நோய். எட்டு வாரத்துக்கு ஒருமுறை நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டும். காப்பீடு இல்லாமல் அந்த மருந்தை வாங்க எங்களையே விற்க வேண்டும். தவணை தவறினால் உடம்பே அந்த மருந்தை எதிரியாகப் பார்க்க ஆரம்பித்துவிடும், பிறகு திரும்ப ஏற்றினாலும் வேலை செய்யாமல் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால்தான் வேலையை விட்ட வாரத்திலேயே ஒரு தவணை ஏற்றிவிட்டோம். அடுத்தது ஜூலை கடைசி வாரம். ஆகஸ்ட் முதல் நாளுக்குத் தள்ளிக்கொள்ளலாமா என்று கேட்டேன், சில நாள் பரவாயில்லை என்றார்.

மாசசூசெட்ஸ் வரிப் படிவத்தில் மாதத்துக்கு ஒரு வட்டம். காப்பீடு இருந்த மாதத்தை நிரப்ப வேண்டும். தொடர்ந்து மூன்று மாதம் வரை காலியாக இருந்தால் அபராதம் இல்லை. எனக்குக் காலி ஜூன், ஜூலை. இரண்டே வட்டங்கள். நடுவில் ஏதாவது ஆனால்? பழைய கம்பெனிக் காகிதம் இருக்கிறது. கையெழுத்துப் போட்டால் பின்தேதியிட்டு விழித்துக்கொள்ளும். ஒன்றும் ஆகவில்லையென்றால் ஒரு பைசா கொடுக்க வேண்டாம். ஓட்டை எங்கே? இல்லை.

நீடியாவிடம் காட்டினேன். காய்கறி நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"உன் திட்டத்துல எனக்கு வயிறு வலிக்குற நாள் எது?"

"வலிக்காது."

"அதையும் அளந்துட்டியா?"

ஜூன் 11, புதன்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கைல் என்று ஒருவன் போனில் கூப்பிட்டான், காப்பீடு விற்கிறவன். எனக்குக் காப்பீடு இல்லை என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? கானி சொல்லியிருப்பாளோ? நாளைக்கே தொடங்கும், பழைய நோயெல்லாம் பிரச்சினையில்லை என்று தேனாக ஊற்றினான்.

"வரிப் படிவத்துல வட்டத்தை நிரப்பலாமா?" என்றேன்.

"சார், நம்ம மெம்பர்ஸ் எல்லாரும் ரொம்ப சந்தோஷமா இருக்காங்க."

"நான் அதைக் கேக்கல."

"இந்த விலை இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும்தான், சார்."

வைத்துவிட்டேன். நேர்க் கேள்விக்கு நேர்ப் பதில் வராத இடத்தில் பொருள் பழுது.

ஜூன் 15, ஞாயிறு

எங்கள் போர்த்துகீசியர்களின் பரிசுத்த ஆவித் திருவிழா. கொலம்பியா தெரு மண்டபத்தில் எல்லோருக்கும் இலவச சூப். மாட்டிறைச்சி, முட்டைக்கோசு, புதினா, அடியில் ஊறிய ரொட்டி. கானி அகப்பையோடு நின்றாள். என் தட்டைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"மாநில இன்சூரன்ஸ் எடுத்தியா?"

"இல்ல."

"இருபத்திமூணாந் தேதிக்குள்ள பணம் கட்டினாத்தான் ஜூலை ஒண்ணுல தொடங்கும். தெரியுமா?"

"நீங்க ஏன் இவ்வளவு அக்கறைப்படறீங்க, டோனா கானி? கமிஷன் எவ்வளவு?"

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. எனக்குச் சட்டென்று புரிந்தது. நீடியாவின் மருந்துச் செலவு. பதினான்கு பேர் பட்டறையில் ஒருத்திக்கு மட்டும் அவ்வளவு மருந்து. நாங்கள் திரும்ப அந்தக் காப்பீட்டுக்குள் வந்துவிடக் கூடாது என்று கில்பர்ட் இவளை ஏவியிருக்கிறார். மனதில் வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கில்லை. கேட்டுவிட்டேன்.

"எங்க பில் ஏறுதுன்னு வெளியே தள்ளப் பாக்குறீங்களா?"

அகப்பை அந்தரத்தில் நின்றது. "சூப் ஆறுது. பின்னாடி ஆளு நிக்குது," என்றாள்.

சாப்பாடு முடிந்ததும் குலுக்கல். அடுத்த வருடம் திருவிழாக் கிரீடத்தை ஒரு வாரம் தன் வீட்டில் வைத்து ஊருக்குச் சோறு போட விரும்புகிறவர்கள் பெயர் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். கில்பர்ட் வருடா வருடம் முதல் ஆளாகப் போடுவார். விழாமல் போனால் முகம் தொங்கிவிடும். இந்த முறை பெட்டி அவரைக் கடந்து போனது. அவர் கை சட்டைப்பையிலிருந்து வரவே இல்லை.

காரில் நீடியா கேட்டாள். "கில்பர்ட் பேர் போடல, பாத்தியா?"

"இறைச்சி விலை ஏறிடுச்சு. கஞ்சன்."

வீடு வரும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஜூன் 16, திங்கள்

கானியிடம் அப்படிக் கேட்டதற்கு நீடியாவுக்கு இன்னும் கோபம். கேட்டது சரிதானே?

ஜூன் 20, வெள்ளி

என் சம்பளச் சீட்டு மேசை இழுப்பறையில் இடம் மாறியிருக்கிறது. நான் எப்போதும் புதியதை மேலே வைப்பேன். அது இரண்டாவதாக இருந்தது. வீட்டில் இருப்பது இரண்டு பேர்.

கேட்டேன். "தூசி தட்டினேன்," என்றாள். நீடியா தூசி தட்டி நான் பார்த்ததில்லை.

ஜூன் 27, வெள்ளி

இப்போதெல்லாம் போன் வந்தால் கொல்லைக்குப் போய்ப் பேசுகிறாள். கேல் கீரைப் பாத்தி நடுவில் நின்று, முதுகைக் காட்டிக்கொண்டு. இன்று தபால்காரன் வருவதற்கு முன்பே வாசலில் இருந்தாள். நான் வண்டியை நிறுத்துவதற்குள் ஒரு உறையை ஏப்ரனுக்குள் செருகிவிட்டாள்.

டாக்டர் ஏதாவது சொல்லி என்னிடம் மறைக்கிறாளா? மறுபடியும் ரத்தம் போகிறதா? இல்லை, கைல் மாதிரி எவனிடமாவது மாட்டிக்கொண்டாளா?

அவள் வேலை செய்யும் பேக்கரியில் தரும் பணத்தில் இந்த மாதம் வீட்டுக்கு ஒன்றும் வரவில்லை. அதையும் கவனித்தேன்.

ஜூலை 4, வெள்ளி

வாணவேடிக்கை. சௌரிசு தொத்திறைச்சி சுட்டேன். நீடியா ஒரு துண்டை எடுத்து நாய்க்குப் போட்டாள். நாய் எங்களுடையதுகூட இல்லை.

"வலிக்குதா?"

"இல்லையே."

பொய். அவள் இடது கையால் வயிற்றைப் பிடித்தால் வலி. வலது கையால் பிடித்தால் பசி. எனக்குத் தெரியாதா.

ஜூலை 8, செவ்வாய்

போதும், பழைய காகிதத்தை எழுப்பிவிடலாம் என்று முடிவு செய்தேன். நிரப்பி, கையெழுத்துப் போட்டு, வேலை முடிந்ததும் நேரே பட்டறைக்கு ஓட்டினேன். கானி கையிலேயே கொடுத்து வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்க வேண்டும். தபாலில் காணோம் என்பார்கள்.

வண்டிகள் நிற்கும் இடம் காலி. கதவில் 'இடம் வாடகைக்கு'. கானி ஒரு கள்ளிச்செடித் தொட்டியைக் காரின் முன் இருக்கையில் வைத்து அதற்கு பெல்ட் போட்டுக்கொண்டிருந்தாள்.

"போன மாசம் முப்பதாந் தேதியோட முடிஞ்சது," என்றாள். "மெஷினெல்லாம் ஒஹாயோவுக்குப் போயாச்சு."

"இன்சூரன்ஸ்?"

"கம்பெனியே இல்ல, அதுக்கு ஏது இன்சூரன்ஸ்? அதுவும் அன்னிக்கே முடிஞ்சது. உனக்கு இப்ப கையெழுத்துப் போட்டாலும் ஜூன் மட்டும்தான் கிடைக்கும். ஜூலைக்கு ஒண்ணும் கிடையாது."

நான் அந்தக் காகிதத்தை நீட்டிக்கொண்டே நின்றேன்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"பட்டறைய விக்குறதுக்கு முன்னாடி வாயத் தொறந்தா எல்லாருக்கும் கடைசிச் சம்பளம் போயிடும்னு கில்பர்ட் சொல்லிட்டாரு. வாயத்தான் மூடச் சொன்னாரு, முகத்த இல்ல. ரெண்டு தடவ உன் முன்னாடி நின்னு பாத்தேன். நீ கமிஷன் கேட்ட."

"எனக்கு எப்படித் தெரியும்?"

"கில்பர்ட் பேர் போடலன்னு மண்டபத்துல இருந்த அத்தன பேரும் பாத்தாங்க. அடுத்த வருஷம் ஊர்ல இருக்கறவன் எவனாவது கிரீடம் கேக்காம இருப்பானா? நீ உன் சூப்பப் பாத்துக்கிட்டு இருந்த."

நானும் பார்த்தேன். பார்த்து, கஞ்சன் என்று இந்த நோட்டில் எழுதியும் வைத்தேன்.

அப்புறம் ஒன்று சொன்னாள், போகிற போக்கில். சின்னக் கம்பெனிகளில் ஒருத்தருடைய நோயைக் காட்டி விலை ஏற்ற முடியாதாம், சட்டமாம். நீடியாவின் மருந்தால் யாருக்கும் ஒரு காசு ஏறவில்லை. வீட்டுக்கு வந்து சரிபார்த்தேன். உண்மை.

இப்போது மாநிலக் காப்பீடு எடுத்தாலும் ஆகஸ்டில்தான் தொடங்கும். ஜூலை முழுக்க ஓட்டை. நீடியாவிடம் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை.

ஜூலை 9, புதன்

வேலையில் இருந்தபோது பேக்கரியிலிருந்து போன். நீடியா அடுப்பறையில் தரையில் உட்கார்ந்துவிட்டாள், எழுந்திருக்க முடியவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது மாவு மூட்டையில் சாய்ந்திருந்தாள். முகம் அந்த மாவு நிறம்.

காரில் ஏற்றினேன். ஏற்றிவிட்டு நான் என்ன செய்தேன்? கைலுக்குப் போன் போட்டேன். வண்டி ஓட்டிக்கொண்டே. நானே.

"இப்ப வாங்கினா இப்பவே செல்லுமா? ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு இருக்கோம்."

"சார், கார்டு நம்பர் சொல்லுங்க—"

"செல்லுமா, செல்லாதா?"

"முதல்ல கார்டு நம்பர் சார்—"

நீடியா கை நீட்டிப் போனை அணைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு தன் பையைத் துழாவினாள். ஒரு அட்டையை எடுத்து ஸ்பீடோமீட்டருக்கு முன்னால் சொருகினாள். மாநிலக் காப்பீடு, அவள் பெயர். ஜூலை 1 முதல்.

"ரோட்டப் பாத்து ஓட்டு," என்றாள்.

ஜூலை 10, வியாழன்

இரண்டு நாள் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். மருந்தை முன்கூட்டியே ஏற்றினார்கள். காலையில் கொஞ்சம் கஞ்சி குடித்தாள். மருந்து இன்னும் வேலை செய்கிறது, உடம்பு அதை எதிர்க்கவில்லை என்றார் டாக்டர். மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் அதையே சொன்னார்.

நீடியா படுத்துக்கொண்டே சொன்னாள். திருவிழா அன்று ராத்திரியே முடிவு செய்துவிட்டாளாம். மறுநாள் கானிக்குப் போன் போட்டு ஒரே கேள்வி கேட்டாளாம். நான் எடுக்கட்டுமா? கானி "எடு" என்றாளாம், அவ்வளவுதான். அந்தச் சம்பளச் சீட்டு விண்ணப்பத்துக்கு. கொல்லைப் பேச்செல்லாம் மாநில அலுவலகத்தோடு.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா அவங்களையும் போன் போட்டு மெரட்டியிருப்ப. இருபத்திமூணு தாண்டியிருக்கும்."

"என்னை நம்பலையா?"

"நீ யாரையும் நம்பமாட்ட, உன் கணக்க மட்டும் நம்புவ. நான் உன்ன நம்புறேன். உன் கணக்கத்தான் நம்பல."

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "இதுல என் பேரு இல்லையே."

"எனக்கு மட்டும்தான் எடுத்தேன்," என்றாள். "உனக்குத்தான் ரெண்டு வட்டம் காலியா இருக்கணும்னு ஆசை."

சிரிக்கும்போது அவளுக்கு வலித்தது. வலித்தும் சிரித்தாள்.

ஜூலை 13, ஞாயிறு

நீடியா வீட்டுக்கு வந்துவிட்டாள். அவள் தூங்கியதும் ஒரு மசா சொவாடா இனிப்பு ரொட்டி வாங்கிக்கொண்டு கானி வீட்டுக்குப் போனேன். கதவைச் சங்கிலியோடு திறந்தாள்.

"என்ன?"

"உங்களுக்கும் முப்பதாந் தேதியோட முடிஞ்சதுதானே. மாநிலத்துல எடுத்துட்டீங்களா?"

ரத்த அழுத்த மாத்திரை இன்னும் ஒரு மாதத்துக்கு இருக்கிறதாம். அறுபத்தைந்து ஆக இன்னும் ஒரு வருடம்தானாம், அப்போது மத்திய அரசுக் காப்பீடு தானாக வந்துவிடுமாம், அதுவரை இப்படியே ஓட்டிவிடலாம் என்றிருக்கிறாள். ஊருக்கெல்லாம் சொன்னவள்.

"பன்னெண்டு வட்டம் காலி," என்றேன். "இருபத்திமூணாந் தேதிக்குள்ள கட்டினா ஆகஸ்ட் ஒண்ணு. நான் உக்காந்து நிரப்பிக் கொடுக்கறேன்."

சங்கிலிக்குப் பின்னாலிருந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"உனக்கு கமிஷன் எவ்வளவு?"

நான் ரொட்டியை இடுக்கு வழியாக நீட்டினேன். வாங்கி, முகர்ந்து பார்த்தாள். அப்புறம்தான் சங்கிலி கழன்றது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

புதுக் கம்பெனி அட்டை. என் பெயர், நீடியாவின் பெயர். இரண்டையும் போன் போட்டுச் சரிபார்த்தேன். புதியது உறுதியான பிறகுதான் மாநிலக் காப்பீட்டை நிறுத்த வேண்டும் என்றாள் நீடியா. அந்த வரிசையை அவள்தான் சொன்னாள், நான் எழுதிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கானி கூப்பிட்டாள். அட்டை வந்துவிட்டதாம்.

"இது நெசமான அட்டைதானான்னு எப்படித் தெரியும், டெல்?"

"பின்பக்கம் இருக்கற நம்பருக்குப் போன் போட்டுக் கேளுங்க."

"கேட்டுட்டேன்," என்றாள். "நீ என்ன சொல்றேன்னு பாக்கத்தான் கூப்பிட்டேன்."