பறந்துபோன பிக்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் இருமல் குறைந்ததா? நாஷ்வில்லில் நான் நலம்.

நேற்று எங்கள் இசைக்குழுவின் ஒத்திகையில் ஒரு கூத்து. வேகமான பாட்டு, பயத்தில் கிட்டார் கம்பியை மீட்டும் பிக்கை, அந்தச் சின்ன வில்லையை, இறுக்கிப் பிடித்தேன். மணிக்கட்டு மரத்து, பிக் பறந்துபோய் பேஞ்சோ வாசிப்பவர் மடியில் விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள், குழுத்தலைவர் ஹாலிஸைத் தவிர.

"ஏம்மா, கம்பியத் தொட்டுட்டுப் போகச் சொன்னா, விறகா வெட்டுற? சனிக்கிழமை மேடையில இதவிட வேகம். முடியலேன்னா இப்பவே சொல்லிடு."

முடியும் என்றேன். ஆனால் பிடியைத் தளர்த்தினால் பிக் நழுவுகிறது, இறுக்கினால் கை ஓடவில்லை. தாளம் தட்டும் மெட்ரோனோம் கருவியின் சத்தம் கேட்டாலே கை இன்னும் இறுகிவிடுகிறது.

அடுப்படிப் பலகைத் தரையில் நீங்கள் பூட்ஸ் காலால் தாளம் தட்டுவதைப் பதிந்து அனுப்புங்கள். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. அந்தச் சத்தத்துக்கு என் கை ஒருநாளும் பயந்ததில்லை.

நடுவில் இருமல் வந்தால் அழித்துவிட்டு மறுபடி பதியாதீர்கள். அதுவும் இருக்கட்டும்.

ஹாலிஸ் கூப்பிடுகிறார்.

உங்கள் மகள்,
வெர்லி