லண்டன் நடுநகருக்கு ஒரு நற்சான்றிதழ்

உடுவில்,
11.02.2026

அன்புள்ள என் கணவர் நிருஷனுக்கு,

இங்கு நானும் மாமாவும் நலம். உங்கள் சுகத்துக்கு மருதடிப் பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறேன். நாள்தோறும் கைப்பேசியில் கதைக்கிறவள் ஏன் தபாலில் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். எல்லாம் உங்கள் அப்பாவின் வேலை. இதோடு இருக்கும் நற்சான்றிதழைப் படம் பிடித்து அனுப்பினால் செல்லாதாம். சீல் குத்தியதே கையில் வேண்டுமாம்.

நடுநகருக்குள் வான் வண்டியைக் கொண்டுபோகக் காசு கட்ட வேண்டும், இந்த வருடம் அதையும் கூட்டிவிட்டார்கள் என்று சொன்னீர்களல்லவா? மின்சார வான் வாங்க வழியுள்ளவனுக்குக் கட்டணத்தில் கழிவு, உங்கள் பழைய வானுக்கு இல்லை. அதனால் வானை வெளியில் விட்டுவிட்டு, தரைக்குப் பதிக்கும் ரைல்ஸ் வெட்டும் மெசினைத் தோளில் சுமந்து பஸ்ஸில் போகிறீர்கள். அதைக் கேட்ட நாளிலிருந்து மாமாவுக்கு நித்திரையில்லை. "உழைக்கப் போறவனை மறிக்கிறதோ? சண்டைக் காலத்திலை நாங்களும் பாஸ் காட்டித்தானே ஆமிச் சென்றி தாண்டினனாங்கள். ஊரிலையிருந்து ஒரு கடுதாசி குடுத்தால் விடுவாங்கள்" என்று ஒற்றைக்காலில் நின்றார். அங்கே சென்றி இல்லை, கமராதான் என்று சொல்லிப் பார்த்தேன். "கமராவுக்குப் பின்னாலை ஒருத்தன் குந்தியிருப்பான்தானே பிள்ளை, அவனிட்டைக் காட்டட்டும்" என்கிறார். இந்த மனிதனோடு கதைத்து வெல்ல முடியுமா!

வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைப்பதையும் விட்டுவிட்டு, வேட்டி சால்வையோடு கிராம சேவகரிடம் போனார். என்னையும் இழுத்துக்கொண்டுதான். கிராம சேவகர் துஷாந்தினி நல்ல பிள்ளை. முதலில் சிரித்துவிட்டாள். உது லண்டனிலை செல்லாது ஐயா என்றும் சொன்னாள். மாமா கதிரையை விட்டு எழும்பவில்லை. கடைசியில், இதைக் கொண்டுவருபவர் களவு பொய் அறியாதவர், உழைத்துச் சாப்பிடுபவர் என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டு, சீலும் குத்தித் தந்தாள். எனக்கு வெட்கம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம்.

நீங்களும் சிரிப்பீர்கள், சிரியுங்கள். மாமாவுக்குக் கேட்கச் சிரிக்க வேண்டாம். காட்டினேன், உள்ளே விட்டார்கள் என்று ஒரு பொய் சொல்லிவிடுங்கள். பாவம், கொஞ்சம் கண்ணயர்வார்.

இஞ்சாருங்கோ, எனக்கு அப்படி ஒரு பொய்யும் சொல்ல வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கதைக்கும்போதும் தேத்தண்ணிக் கோப்பையை இடக் கையால் தூக்கினீர்கள். கேட்டால், படுத்த பிசகு என்றீர்கள். எத்தனை கிழமையாகப் படுத்த பிசகு? உங்களை நினைத்துப் பயந்தே நான் களைத்துப்போனேன். ஒரு நாள் உழைப்புப் போனாலும் போகட்டும், டொக்டரிடம் தோளைக் காட்டுங்கள்.

என்னையும் அங்கே கூப்பிட வேண்டுமென்றுதான் இப்படிச் சுமக்கிறீர்கள். அது தெரியாதவளா நான்? விசாவுக்கு வருமானம் காட்டவேண்டும், அந்த வருமானத்தைத்தான் நடுநகர் வாசலிலேயே பறிக்கப் பார்க்கிறார்கள். போதும். நான் அங்கே வராவிட்டால் ஒன்றும் குறைந்துபோக மாட்டேன். சுமக்கக் கூடாது என்று டொக்டர் சொன்னால், எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு வாருங்கள்.

பிள்ளையார் துணை நிற்பார். நீங்கள் இரண்டு கையும் சுகமாக என்னிடம் வந்து சேர வேண்டும்.

என்றும் உங்கள்,
தயாளினி