படம் நின்றுபோன ஞாயிறு

அணைக் குடியிருப்பு
ஜூன் 6

தம்பிக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. நேற்று படம் நின்றுபோன நேரத்தில் உன் வாயில் இருந்த பல் எல்லாம் தெரிந்தது. நலமில்லாதவன் அப்படிச் சிரிக்க மாட்டான். எதற்குச் சிரித்தாய் என்பதுதான் புரியவில்லை. 'டிக்கெட்' என்று காட்டினாய், அடுத்து கண்ணாடிச் சன்னல் மாதிரி ஏதோ காட்டினாய், அப்படியே நின்றுவிட்டாய். காபி ஆறும்வரை அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இங்கே எல்லாம் சௌகரியம். மாமா வேலைக்கு நடந்தே போகிறார். வாசலில் நின்றால் மதகு தெரிகிறது, மதகில் நிற்கும் அவர் தலையும் தெரிகிறது. தண்ணீருக்கும் காற்றுக்கும் குறைவில்லை. செல்போன் சிக்னல்தான் மருந்துக்கும் கிடையாது. அதற்காகத்தானே இந்த சாட்டிலைட் நெட்டைப் போட்டோம்! விளம்பரத்தில் ஒருத்தி நடுக்காட்டில் உட்கார்ந்து சிரித்துச் சிரித்துப் பேசுகிறாள். அவளுக்கு மட்டும் எந்த வானம் என்று தெரியவில்லை.

காது கேட்கிறவர்களுக்குப் படம் நின்றாலும் குரலாவது வந்துகொண்டிருக்கும். காது கேட்காத உனக்கும், உன்னோடு பேசியே வளர்ந்த எனக்கும் கைதானே குரல். நேற்று உன் கை கட்டம் கட்டமாக உடைந்து வந்தது. பாதியை வழியிலேயே யாரோ விழுங்கிவிட்டார்கள். 'முதலாளி ஊருக்குப் போய்விட்டார்' என்று நீ சொல்லியிருப்பாய் என்கிறார் மாமா. எனக்கு 'முதலாளி போய்விட்டார்' என்று மட்டும் வந்தது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நீ பார்த்தாயா இல்லையா?

அணை ஆபீஸ் போனில் கம்பெனிக்காரனைப் பிடித்தேன். "உங்க கம்ப்ளெய்ன்ட்டை எங்க ஆப்ல போடுங்க மேடம்" என்றான். "அந்த ஆப்பைத் திறக்கத்தானேப்பா நெட் வேணும்?" என்றேன். அப்புறம், "டிஷ்ஷுக்கு மேல வானம் தெரியுதா மேடம்?" என்றான். வெளியே போய் அண்ணாந்து பார்த்தேன். வானத்தைத் தவிர மற்றதெல்லாம் தெரிந்தது. மூன்று பக்கமும் அவ்வளவு மரம்.

எழுத்தில் செய்தி அனுப்பினால் போகிறதே என்பாய். போகிறது. ஆனால் நீ 'ம்', 'சரி', 'ஆச்சு' இவற்றைத் தாண்டி எழுதியது கிடையாது. அதனால் தபால். அணை ஆபீஸ் ஜீப் வரும்போது தபாலும் வருகிறது. அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் எழுது.

அக்கா


கண்ணாடிக்கடை
ஜூன் 14

அக்காவுக்கு,

முதலாளி உயிரோடு இருக்கிறார். ஊரிலிருந்து வந்ததும் வராததுமாக, "லென்ஸ் ஏன் இன்னும் தேய்க்கலை?" என்று கத்தினார் என்று பக்கத்து மேசைக்காரன் எழுதிக் காட்டினான். முதுகைக் காட்டிக்கொண்டு கத்துவதால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

சிரிப்பைப் பற்றிக் கேட்டாய். பஸ் நிலையத்தில் முன்பதிவு கவுன்டரில் ஒரு பெண் உட்காருகிறாள். முன்னால் தடிமனான கண்ணாடி. பேசுவதற்கு வைத்த மைக் ரிப்பேராகி வருஷக்கணக்காகிறது. வெளியே நிற்கிறவர்கள் கத்துகிறார்கள், அவளுக்குக் கேட்பதில்லை. கடைசியில் எல்லாரும் கையைக் காலை ஆட்டித்தான் டிக்கெட் வாங்குகிறார்கள். அந்த வரிசையிலேயே நன்றாகப் பேசுகிறவன் நான்தான் அக்கா.

அப்புறம் அவள் மூக்குக்கண்ணாடியின் கால் உடைந்து, கடைக்கு வந்தாள். மாட்டிக்கொடுத்தேன். அடுத்த வாரம் ஒன்றும் உடையாமலே வந்தாள். போனில் வீடியோ பார்த்து நம் கைப்பேச்சைக் கற்றுக்கொண்டிருக்கிறாள். 'நன்றி' என்று சொல்வதாக நினைத்து 'நான் எருமை' என்று சொன்னாள். நான் திருத்தவில்லை. ஒரு வாரம் அப்படியே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். உண்மை தெரிந்த அன்றைக்கு வாங்கிய அடியின் தடம் இன்னும் தோளில் இருக்கிறது.

அவளுக்கு அம்மா மட்டும்தான். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை. விஷயத்தைக் கேட்டுவிட்டு, "கூட்டிட்டு வா, பேசிப் பார்க்கணும்" என்று சொல்லியிருக்கிறார். 'பேசி' என்பதை எழுதிக் காட்டும்போது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இருபத்தொன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போகிறோம். போனில் நீ வந்துவிடு. அதற்குள் உன் டிஷ்ஷுக்கு ஒரு வானம் வாங்கிக் கொடு.

தம்பி


அணைக் குடியிருப்பு
ஜூன் 21

என் ராஜாவுக்கு,

கடிதத்தை மாமாவிடம் படித்துக் காட்டினேன். எருமை வந்த இடத்தில் அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்துவிட்டது. எனக்கு மட்டும் ஏனோ கண்ணில் தண்ணீர் வந்தது. சந்தோஷம்தான்.

நெட் விஷயத்தில் இறங்கிவிட்டேன். முதலில் மோடத்தை இரும்பு பீரோவின் மேலிருந்து இறக்கி மேசையில் வைத்தேன். கொஞ்சம் உயிர் வந்தது. பிறகுதான் தெரிந்தது, பாஸ்வேர்டைப் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் தாராளமாகக் கொடுத்து வைத்திருக்கிறார் உன் மாமா. இந்த வரிசை வீடு முழுக்க நம் நெட்டில்தான் சினிமா ஓடியிருக்கிறது. பாஸ்வேர்டை மாற்றினேன். இப்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

அப்படியும் காலையில் ஓடுகிற நெட் சாயங்காலமானால் தவழ்கிறது. கம்பெனியில் வேறொரு பெண் பேசினாள். "அந்த ஏரியாவுல புதுசா நிறைய பேர் சேர்ந்திருக்காங்க மேடம், ஈவ்னிங்ல எல்லாரும் ஒண்ணாப் பார்ப்பாங்க" என்றாள். மரத்தை வெட்டலாம் என்றால் அது அணையின் மரமாம். பம்பு அறைக் கூரையில் டிஷ்ஷை ஏற்றலாம் என்கிறார் மாமா. அதற்கு நீளமான கேபிள் வரவேண்டும். வரும், வரும் என்கிறார்கள்.

அது வருகிறதோ இல்லையோ, ஞாயிற்றுக்கிழமை நான் வந்துவிடுவேன். நீ கவலைப்படாதே. நீலச் சட்டையைப் போடு. தலையைச் சொறியாதே. அந்த அம்மா என்ன கேட்டாலும் உடனே கையைத் தூக்காதே, என்னைப் பார். போன முறை பெண் வீட்டில் பேசியது மாதிரிதான். நீ நாலு வார்த்தை சொல்லு, மற்றதை நான் சேர்த்துச் சொல்லிக்கொள்கிறேன். சம்பளம், தனி வீடு என்றெல்லாம் நீயாக ஆரம்பிக்காதே. ஒருவேளை படம் வரவில்லையென்றால் எதுவும் பேசாமல் வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பிவிடு. இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

அக்கா


கண்ணாடிக்கடை
ஜூன் 30

அக்காவுக்கு,

நேற்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். நீ பாதிக்கு மேல் பார்த்திருக்க மாட்டாய்.

மூன்றாவது மாடி. இரண்டே அறை. மேசையில் தண்ணீர் ஜாடி மேல் போனைச் சாய்த்து வைத்தோம். நீ வந்தாய், வணக்கம் சொன்னாய். அவள் அம்மாவும் வணக்கம் சொன்னார். நீ ஏதோ சொல்ல ஒரு விரலைத் தூக்கினாய். அத்தோடு சரி. கண் பாதி மூடி, விரல் மேலே நின்று, அப்படியே இருந்துவிட்டாய். படம் நின்றுவிட்டது என்று அவருக்குத் தெரியவில்லை. முக்கியமாக ஏதோ சொல்லப்போகிறாய் என்று கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். ஒருதடவை உன்னைப் பார்த்து மரியாதையாகத் தலையை ஆட்டினார். நாங்கள் இரண்டு பேரும் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு!

நீ சொன்னபடி எழுந்து வந்திருக்கலாம். எழவும் செய்தேன். அப்போது அவர் மகளிடம் ஏதோ கேட்டார். அவள் முகம் மாறிவிட்டது. அவளுக்கு அதைக் கையால் சொல்லத் தெரியவில்லையா, சொல்ல மனமில்லையா, தெரியாது. போனில் பெரிய எழுத்தில் அடித்துக் காட்டினாள். "உன் உடம்புக்கு ஏதாவது வந்து, பக்கத்து ரூம்ல இருந்து இவரைக் கூப்பிட்டா, இவருக்குக் கேக்குமா?"

நான் உட்கார்ந்தேன். என் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவள் போனை வாங்கி எழுதினேன். 'கேட்காது. கதவை உடைத்தாலும் கேட்காது. விளக்கைப் போட்டு அணைத்தால் உடனே தெரியும். தரையை ஓங்கி மிதித்தாலும் தெரியும்.' அவள் அதைச் சத்தமாகப் படித்தாள்.

அந்த அம்மா எழுந்து உள்ளே போனார். கதை முடிந்தது என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். திடீரென்று அறையில் விளக்கு அணைந்து எரிந்தது. நிமிர்ந்து பார்த்தேன். உள் அறை வாசலில் இருந்த சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். மறுபடியும் அணைத்துப் போட்டார். நான் கையைத் தூக்கிக் காட்டினேன். அவர் சிரித்தார் அக்கா. பிறகு உள் அறையிலிருந்து தரையையும் ஒருமுறை மிதித்துப் பார்த்தார். கீழ் வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தாராம். கடைசியில் அவள் அம்மா 'சரி' என்று சொல்லிவிட்டார்.

போன முறை அந்த வீட்டில் இதே கேள்விக்கு, 'சத்தமாக் கூப்பிட்டா கொஞ்சம் கேக்கும்' என்று நீ சொன்னாயாம். அவர்கள் வாசலில் நின்று கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். நான் திரும்பாமலே நடந்து போனேனாம். அந்த இடம் ஏன் நின்றுபோனது என்று எனக்குப் போன மாதம்தான் தெரியவந்தது. கோபமில்லை. சொல்லவேண்டும் என்று தோன்றியது.

தம்பி


அணைக் குடியிருப்பு
ஜூலை 8

தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. இடம் அமைந்ததில் சந்தோஷம். மாமாவும் சொல்லச் சொன்னார்.

நீ போனைக் கவிழ்த்து வைத்தது எனக்குத் தெரியும். எல்லாம் நின்றுபோய் நெடுநேரம் கழித்து ஒரே ஒரு படம் வந்தது. உன் உள்ளங்கை. அதன் ரேகைகூடத் தெளிவாகத் தெரிந்தது. பிறகு ஒரே இருட்டு. அப்போதும் நெட்தான் போய்விட்டது என்று நினைத்தேன். மோடத்தை அணைத்துப் போட்டேன். வெளியே ஓடி டிஷ்ஷைப் பார்த்தேன். மாமா, "போதும் விடு, வந்து உட்காரு" என்கிறார், நான் கேட்கவில்லை. நீ அங்கே விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் இங்கே மரத்தைச் சபித்துக்கொண்டிருந்தேன்.

போன முறை நான் சொன்னது உன் நல்லதுக்கு. வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும்? நீ பள்ளிக்கூட வாசலில் நின்ற நாளிலிருந்து உனக்காக நான்தான் வாயைத் திறந்திருக்கிறேன். டாக்டரிடம், வேலை கேட்டபோது, வீடு கேட்டபோது. ஒருநாள் நெட் சரியில்லையென்று என்னைக் கவிழ்த்து வைத்துவிட்டாய்.

கேபிள் வந்தது. மாமாவும் மதகில் வேலை செய்யும் இரண்டு பேருமாக டிஷ்ஷைப் பம்பு அறைக் கூரையில் ஏற்றிவிட்டார்கள். மேலே முழு வானம். சாயங்காலத்திலும் தவழாமல் நடக்கிறது. இப்போது நெட் இருக்கிறது, நீ கூப்பிடுவதில்லை.

அக்கா


கண்ணாடிக்கடை
ஜூலை 15

அக்காவுக்கு,

கூப்பிடாமல் இருந்தது வேண்டுமென்றேதான். திரையில் உன் முகம் வாடுவதைப் பார்த்தால் சொல்ல வந்ததை மாற்றிச் சொல்லிவிடுவேன். எழுதினால் மாற்ற மாட்டேன்.

கவிழ்த்துத்தான் வைத்தேன். பழியை நெட்மேல் போட மாட்டேன். ஏன் என்று கேள். அவள் அம்மா கேள்வியைக் கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார். நான் அவரைப் பார்க்காமல் உன்னைப் பார்க்கிறேன். அசையாமல் நிற்கிற உன் விரலைப் பார்க்கிறேன்! நீ அங்கே இல்லை, வெறும் படம். அப்படியும் அது என்ன சொல்லும் என்று பார்த்துக்கொண்டு நிற்கிறேன். யார் எது கேட்டாலும் என் கண் முதலில் உன்னிடம்தான் போகிறது. எனக்கே வெட்கமாக இருந்தது. உன்மேல் கோபத்தில் செய்ததில்லை அது. என் கண்ணைத் திருப்ப எனக்கு வேறு வழி தெரியவில்லை.

நீ இல்லையென்றால் எனக்கு வேலை கிடைத்திருக்காது, தங்க இடம் கிடைத்திருக்காது. அதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகஸ்ட் பத்தாம் தேதி கல்யாணம். சின்னக் கூடம், அறுபது பேர். நீயும் மாமாவும் முன்னாலேயே வந்துவிடுங்கள். ஒன்று கேட்கிறேன், தவறாக நினைக்காதே. அன்றைக்கு நீ என் பக்கத்தில் நிற்க வேண்டாம். முன் வரிசையில் உட்கார். வருகிறவர்களோடு நாங்களே பேசிக்கொள்கிறோம், பேச முடியாததை எழுதிக்கொள்கிறோம். எந்த விசேஷத்திலும் நீ முழுதாக உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. எப்போதும் என் தோளுக்குப் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டே இருப்பாய், பந்தி முடிந்துவிடும். அன்றைக்கு நீ சூடாகச் சாப்பிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை கூப்பிடுகிறேன். அவளும் இருப்பாள்.

தம்பி


அணைக் குடியிருப்பு
ஜூலை 22

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒருநாள் முழுக்க பீரோவை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். மறுநாள் இன்னொருமுறை படித்தேன். சூடாகச் சாப்பிட வேண்டும் என்ற இடத்தில் உன்மேல் இருந்த கோபத்தைப் பிடித்துவைக்க முடியவில்லை.

எட்டாம் தேதி ஜீப்பில் கிளம்புகிறோம். மாமாவுக்கு மூன்று நாள் லீவு கிடைத்துவிட்டது. உட்காருகிறேன் என்று சொல்லிவிட்டேன், உட்காருவேன். கை துருதுருத்தால் மாமா பிடித்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலையைப் பற்றி ஒன்று எழுதவேண்டும். படம் ஒருதடவைகூட நிற்கவில்லை. உன் சட்டையில் பொத்தான் ஒன்று இல்லாததுவரை தெரிந்தது. அவள் என்னிடம் மெதுவாக, தப்பும் தவறுமாகப் பேசினாள். நன்றாகத்தான் பேசினாள். பிறகு நீங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்து ஏதோ வேகமாகப் பேசிக்கொண்டீர்கள். விரலை மடக்கி அவள் மூக்கைத் தொட்டாள், நீ காற்றில் எதையோ கிழித்தாய், இரண்டு பேரும் குலுங்கிச் சிரித்தீர்கள். அந்தச் சைகைகளை நான் பார்த்ததே இல்லை. உன் கையில் நான் அறியாத வார்த்தை அன்றைக்குத்தான் முதன்முறையாக வந்தது. என்ன என்று கேட்கக் கையைத் தூக்கினேன். கேட்கவில்லை.

மாமா என் தோள் வழியாக எட்டிப் பார்த்து, "என்னவாம்?" என்றார்.

"தெரியலை" என்றேன்.

"மறுபடியும் நெட் சரியில்லையா?"

"நெட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

அன்புடன்,
அக்கா