ஆறு பேருக்குள் மூன்று குழு

கட்டுகஸ்தோட்டை,
சனிக்கிழமை.

அன்பு மகள் நிலூஷாவுக்கு அம்மா எழுதுவது,

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம், நீயும் அந்தப் புடாபெஸ்ட் குளிரில் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும் என்று தினமும் செபிக்கிறேன். அப்பாவின் முழங்கால் வலி கொஞ்சம் குறைவு, பேராதனை ஆஸ்பத்திரியில் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள். இங்கே ஒரே மழை, மகாவலி கலங்கி ஓடுகிறது. வட்ஸ்அப்பில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

போன மாதம் நீ போன் எடுத்து, மூன்று மூன்றாகக் குழு சேர்க்கும் உன் ஹைபர்கிராப் கணக்குக் கட்டுரையில் பிழை இருக்கிறது, வரவே கூடாத அமைப்பு ஒன்று உள்ளே வந்துவிட்டது, பேராசிரியரிடம் சொல்லப் போகிறேன் என்றாய். நான் என்ன சொன்னேன்? வேறு யாரும் கண்டுபிடிக்கவில்லை என்றால் அப்படியே விடு மகள், கட்டுரை வந்ததற்கு நன்றிப் பூசை எல்லாம் ஒப்புக்கொடுத்துவிட்டேன், இனி எந்த முகத்தோடு கோயிலுக்குப் போவது என்று கேட்டேன். நீ போனை வைத்துவிட்டாய். அதன்பிறகு அப்பாவோடு மட்டும்தான் பேசுகிறாய். நீ பேராசிரியரிடம் சொல்லிவிட்டதையும் அப்பாதான் சொன்னார்.

இப்போது என் கதையைக் கேள். தவக்காலத்தில் நோயாளிகளின் வீடுகளுக்குப் போக மூன்று மூன்று பேராகக் குழு பிரிக்கும் வேலையைப் பாதர் என்னிடம் தந்தார், ஒருவர் பல குழுக்களிலும் இருக்கலாம். வருடா வருடம் கூட்டாளிகளே தங்களுக்குள் சேர்ந்துகொள்கிறார்கள் என்று மனஸ்தாபம். நீ லீவில் வந்தபோது பொத்தான்களை வைத்துக் காட்டினாயே, எந்த ஆறு பேரை எடுத்தாலும் அவர்களுக்குள்ளேயே மூன்று குழு வந்துவிடக் கூடாது, அப்படி அதிகபட்சம் எத்தனை குழு போடலாம் என்பதுதான் கேள்வி என்று. அந்த விதிப்படி போட்டால் ஒரே கூட்டம் சேராது என்று நினைத்துப் போட்டு, என் மகளின் கணக்கு என்று பெருமையாகக் கோயிலில் வாசித்தேன். புதிதாகக் குடிவந்த சுபாஜினி, பக்கத்து வீட்டு ஷாமலாவோடும் என்னோடும் ஒரு குழுவில் சேர்க்கச் சொல்லிக் கேட்டாள். கணக்கு இடிக்கும் என்று மறுத்துவிட்டேன். பரவாயில்லங்க அக்கா என்று கடைசி வாங்கில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்து தையல் மெஷின்மேல் பொத்தான்களைப் பரப்பிப் பார்த்தால், நானும் என் கூட்டாளிகளுமாக ஆறு பேர், அதற்குள்ளேயே மூன்று குழு. யாருக்கும் தெரியாதுதானே என்றுதான் முதலில் நினைத்தேன். உனக்குச் சொன்ன அதே வார்த்தை. வெட்கமாக இருக்கிறது மகள். உனக்குப் பிழை வந்ததில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை, அதை மறைக்கச் சொன்னேனே, அதுதான் என்னைத் தின்கிறது. சுபாஜினியை வழியில் கண்டால் குடையைத் தாழ்த்திக்கொண்டு போகிறேன்.

நாளை பூசை முடிந்ததும் எழுந்து, பிழை என்னுடையது, மகளின் கணக்கில் இல்லை என்று சொல்லிச் சுபாஜினியிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறேன். அத்தனை படித்த பேராசிரியருக்கு முன்னால் நீ எப்படிச் சொன்னாய்?

தேவமாதா உன்னைக் காக்கட்டும். கழுத்துக்குக் கம்பளி கட்டாமல் வெளியே போகாதே. இன்றிரவு போனைத் தலைமாட்டில் வைத்திருப்பேன். அம்மாவை மன்னிக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை, நீ எந்த வார்த்தையில் தொடங்கினாய் என்று மட்டும் சொல்லித் தா.

உன் அம்மா,
மேபல்