பெயர், நட்சத்திரம்

என் ஆசைச் சின்னண்ணா,

இந்தக் கிழமை ஒரு நல்ல சேதி வந்தது. முழுதாகச் சொல்ல ஆளில்லாமல் உனக்கு எழுதுகிறேன்.

ஹவாய் மலை உச்சியில் இருக்கும் பெரிய தொலைநோக்கி எடுக்கிற படங்களை, ரொறன்ரோவில் இருந்துகொண்டு துப்புரவாக்குவதுதான் பல்கலைக்கழகத்தில் என் வேலை. நட்சத்திரத்தின் வெளிச்சத்தை மறைத்துவிட்டு, பக்கத்தில் கோள் ஏதும் தெரிகிறதா என்று பார்ப்போம். போன வருடம், யுத்தம் முடிகிற நாட்களில், வன்னியில் உன் தொலைபேசி நின்றுபோனபோது ஒரு புள்ளி தெரிந்தது. இந்த வருடப் படத்திலும் அது நட்சத்திரத்தோடு கூடவே இருக்கிறது. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பிறகு வோபர்னில் இருக்கும் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அழுகை வந்தது. ஒரு புள்ளிக்கா இவ்வளவு என்று நீ நக்கலடித்திருப்பாய்.

வீட்டில் அம்மாவுக்குப் படத்தைக் காட்டினேன்.

“உந்தப் புள்ளி அந்த நட்சத்திரத்தின்ர எண்டு எப்பிடிப் பிள்ளை தெரியும்?”

“நட்சத்திரம் ஒரு வருசத்தில கொஞ்சம் நகரும் அம்மா. புள்ளியும் கூடவே வந்திருந்தால் அதின்ர சொந்தம். அங்கேயே நிண்டிட்டால், தூரத்தில இருக்கிற வேற ஆரோ.”

அம்மா அந்தப் புள்ளியை விரலால் தொட்டா. “அப்ப அவன் எங்களோட வரேல்லை, என்ன?” என்றா.

நீ ஷெல்லடியில் செத்துப்போனாய் என்று வன்னியில் உன் பக்கத்து வீட்டில் இருந்த அங்கிள் அகதி முகாமிலிருந்து சொன்னதை அம்மா அதுவரை நம்பியதில்லை. ஒவ்வொரு வெள்ளியும் றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோவிலில், உயிரோடு இருப்பவர்களுக்குச் செய்வதுபோல உன் பெயரில் அர்ச்சனை. எனக்கு அது பிடிக்காது. தள்ளியே நிற்பேன்.

நேற்றும் வெள்ளி. ஐயர் வழக்கம்போல, “பெயர், நட்சத்திரம்?” என்று கேட்டார். அம்மா வாய் திறக்கவில்லை. அம்மாவின் நம்பிக்கையை உடைக்கத்தானா அண்ணா நான் இவ்வளவு படித்தேன்?

“காந்தன், திருவோணம்” என்றேன். என் குரல்தான்.

என் தொழிலின் விதிப்படி நீ எங்களுடையவன் இல்லை. நீ போன வருட வைகாசியிலேயே நின்றுவிட்டாய், நாங்கள் நகர்ந்துகொண்டிருக்கிறோம். அடுத்த வருடம் எனக்கு உன்னைவிட வயது கூடிவிடும். விதி கிடக்கட்டும். இனி எந்த வெள்ளியில் அம்மா வாயடைத்து நின்றாலும் நான் சொல்வேன். அம்மா இல்லாத காலத்திலும், தனியே போய் நின்று சொல்வேன்.

எத்தனை வயதானாலும்,
உன் தங்கச்சி