நண்டு உடைத்த சுத்தியல்

டேய்,

நாளைக்குப் பையில் எடுத்து வைக்கலாம் என்று அந்தச் சின்னச் சுத்தியலை வெளியே எடுத்தேன். முழங்காலைத் தட்டி நரம்பைச் சோதிக்கிற சுத்தியல். ரப்பரில் இன்னும் நண்டு நாற்றம் அடிக்கிறது. எத்தனை முறை ஸ்பிரிட் போட்டுத் துடைத்திருப்பேன்! அதை வைத்து நண்டுக்கால் உடைத்துத் தின்றவன் நீ. "டாக்டர் சாமான்டா, சுத்தமா இருக்கும்" என்று நியாயம் வேறு.

நான் படித்த கல்லூரியில், டாக்டருக்குத் துணையாக வேலை பார்க்கிற பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்பின் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் நாளை பேசச் சொல்லியிருக்கிறார்கள். எப்படிப் படிப்பது, எப்படித் தாக்குப்பிடிப்பது என்று. என்னைப் போய்! சிரிக்காதே. நோயாளியைத் தொட்டாலே கை நடுங்கி, முதல் செய்முறைத் தேர்வில் கோட்டை விட்டு, "படிப்பே வேணாண்டா, உன்கூட உப்பு வார வர்றேன்" என்று நம்ம ஊர் மரக்காணத்துக்கே திரும்பி வந்து நின்றவன் நான்.

நீ பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தாய். வாருகிற பலகையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "நீ வந்து வாரினா உப்பு கரைஞ்சிடும். போய்ப் படி. தொடறதுக்குத்தான பயம்? என்னைத் தொடு" என்றாய்.

அன்று முதல் சாயங்காலம் வேலை முடிந்ததும் வரப்பில் நீதான் என் நோயாளி. மகா மோசமான நோயாளி. "எங்க வலிக்குது?" என்றால், "எங்க வலிக்கணும் சொல்லு, வலிச்சிடறேன்" என்பாய். ஒரு நாள் கிழவன் மாதிரி இருமுவாய், மறுநாள் பிள்ளைத்தாய்ச்சி. "இது டாக்டர் படிப்பா, கம்பவுண்டர் படிப்பா?" என்று உப்பள ஆட்கள் கேட்டபோது, "டாக்டருக்குப் பக்கத்து சீட்டுப்பா" என்று நீயே எனக்குப் பதவி கொடுத்தாய்.

ஒரு நாள் சுத்தியல் காம்பின் முனையால் உன் உள்ளங்காலைக் கீறினேன். நரம்பு சரியாக இருந்தால் கால்விரல்கள் மடங்க வேண்டும். அசையவேயில்லை. அழுத்திக் கீறினேன். ம்ஹூம். "டேய், உனக்கு நரம்பு போயிடுச்சுடா!" என்று கத்தினேன். நடந்து வந்து உட்கார்ந்தவன்தானே நீ என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. "ஐயோ, எங்கம்மாகிட்ட சொல்லிடாத" என்று நொண்டிக்கொண்டே என் வண்டியில் ஏறினாய்.

ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா உன் பாதத்தைத் தட்டிப் பார்த்துச் சிரித்தார். "உப்புத்தண்ணில நின்னு நின்னு காய்ச்சுப் போயிருக்குது. ஓரமா, தோல் மெத்துனு இருக்கற எடத்துல கீறுப்பா." கீறினேன். ஐந்து விரலும் மடங்கின. "அப்பாடா, காலு திரும்ப வந்துடுச்சு!" என்று நீ அங்கேயே ஒரு ஆட்டம் போட்டாய். திரும்பும் வழியில்தான் நண்டு வாங்கினோம். அத்தனை நேரம் உன் காலைப் பிடித்திருந்த என் கை நடுங்கவேயில்லை என்பதை நீதான் கவனித்துச் சொன்னாய். அடுத்த தேர்வில் தேறிவிட்டேன்.

போன மழைக்காலத்தில் ஈசிஆர் சாலையில் லாரி உன்னை அடித்துப் போட்டது. நான் ஓடி வந்தபோது துணி போர்த்திப் படுக்க வைத்திருந்தார்கள். எல்லாம் படித்த நான், துணிக்குள் கைவிட்டு உன் உள்ளங்காலைக் கட்டைவிரலால் கீறினேன். மடங்கவில்லை. காய்ப்பாக இருக்கும் என்று ஓரத்திலும் கீறிப் பார்த்தேன்டா.

நாளைக்கு என்ன சொல்வேன்? தினமும் கொஞ்சம் படியுங்கள், வேளைக்குச் சாப்பிடுங்கள், தூங்குங்கள் என்று யாரும் சொல்வார்கள். புத்தகத்தை மூடிவிட்டு மனுஷனைத் தொடுங்கள், பயமில்லாமல் தொட ஒரு சிநேகிதனைத் தேடிக்கொள்ளுங்கள் என்பேன்.

புதுச் சுத்தியல் வாங்கவில்லை. இதையே கையோடு கொண்டுபோய்ச் சுற்றுக்கு விடப்போகிறேன். "சார், ஏன் சார் நண்டு நாத்தம் அடிக்குது?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். அங்கிருந்து ஆரம்பிக்கிறேன்.