அம்மா பேசாத படம்

ஜனவரி 9

நாவல் வகுப்பு. பெரிய வீட்டுக் கதை. வேலைக்காரி வருகிறாள், கதவைத் திறக்கிறாள், போகிறாள். மனித மனத்தின் ஆழத்தைக் காட்டிய நாவலாம். எழுந்து கேட்டேன்: "சார், அந்தப் பொண்ணுக்கு மட்டும் மனசு கிடையாதா? இத்தனை பெரிய புத்தகத்துல அவ வாயே திறக்கல." வகுப்பு சிரித்தது. "அவ பேச ஆரம்பிச்சா கதை முடியாதும்மா" என்றார் பேராசிரியர். சிரிக்காதவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் ஒருவன்தான். மேசைக்கு அடியில் என் கையைப் பிடித்து அழுத்தினான். இதற்காகவே அவனை இன்னொரு முறை காதலிக்கலாம்.

ஜனவரி 17

திரைப்படப் பாடத்துக்கு அவன் ஒரு குறும்படம் எடுக்க வேண்டும். அம்மாவை வைத்து எடுக்கலாமா என்று கேட்கிறான். "அந்த நாவல்ல வாய் திறக்காதவளை நாம பேச வைப்போம்."

அம்மாவுக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி, வீட்டிலும் அதே குரல்தான். "என்னையா? உன் கேமராக்காரனுக்கு வேற ஆளே கிடைக்கலையாடி?" என்றாள். அப்புறம் கண்ணாடி முன்னால் ரொம்ப நேரம் நின்றாள்.

பிப்ரவரி 2

படப்பிடிப்பு. அம்மா விடுப்பு எடுத்து, திரைச்சீலையெல்லாம் துவைத்துப் போட்டு, நீலப் புடவை கட்டித் தயாராக நின்றாள். அவன் வந்து சுற்றிப் பார்த்தான். "அம்மா, அந்த ஃப்ரிட்ஜை ஏதாவது துணி போட்டு மறைச்சிடலாமா? புடவை கூட... வேலைக்குக் கட்டுற மாதிரி பழசா ஒண்ணு?"

"வீட்டுக்கு ஆள் வந்திருக்கும்போது அதையா தம்பி கட்டுவாங்க?"

அவன் சிரித்துச் சமாளித்தான். அவள் மாற்றிக்கொண்டு வந்தாள். சினிமா என்றால் இப்படித்தான் போல என்று நினைத்திருப்பாள். எனக்குச் சுருக்கென்றது. வகுப்புக்கு நேரமாகிவிட்டது, போய்விட்டேன்.

சாயங்காலம் வந்தபோது அவன் கிளம்பிப் போயிருந்தான். அம்மாவுக்குக் கண் சிவந்திருந்தது, முகம் மட்டும் என்னவோ தெளிவாக இருந்தது.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லடி. உங்கப்பாவைப் பத்திக் கேட்டான். சொன்னேன்."

அப்பா நான் நடக்கப் பழகும் முன்பே செத்துப்போனவர். எப்போது கேட்டாலும் அம்மா பேச்சை மாற்றுவாள். ஊரையே பேசித் தீர்க்கும் இந்த வாய் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் பூட்டிக்கொள்ளும். எனக்குச் சொல்லாததை இவனுக்குச் சொல்லியிருக்கிறாள்! பொறாமையாகத்தான் இருந்தது. போகட்டும், படத்தில் கேட்டுக்கொள்கிறேன்.

பிப்ரவரி 11

எடிட்டிங் நடக்கிறது. அம்மா என்ன சொன்னாள் என்று கேட்டால், "பொறு, பாத்தா ஆடிப்போயிடுவ" என்கிறான்.

மார்ச் 5

கல்லூரியில் படத்தைத் திரையிட்டார்கள். அம்மா வேலை முடித்து, கூட வேலை செய்யும் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். நீலப் புடவை.

திரையில் அம்மா துணி மடிக்கிறாள். தரையைத் துடைக்கிறாள். ஜன்னலைப் பார்க்கிறாள். பின்னணியில் பியானோ வாசிக்கிறார்கள். மறுபடியும் ஜன்னல். ஒரு வார்த்தை இல்லை. முதலிலிருந்து முடிவு வரை ஒரு வார்த்தை இல்லை.

சுற்றிலும் மூக்கு உறிஞ்சும் சத்தம். அம்மாவின் சிநேகிதி மட்டும், "அடியேய், உன் வாயை எப்படிடி மூடுனான்? நம்ம சூப்பர்வைசராலயே முடியல!" என்று சிரித்தாள். முன்வரிசை திரும்பி 'உஷ்' என்றது. பேராசிரியர் எழுந்து, "இந்த மௌனம்தான் படத்தின் மொழி" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அம்மாவும் தட்டினாள்.

திரும்பி வரும்போது கேட்டாள்: "நான் பேசினதெல்லாம் அடுத்த பாகத்துல வருமா?"

மார்ச் 6

"பேச வைப்போம்னு சொன்னியே?"

"பேசினா படம் செத்துடும். அவங்க ஜோக் அடிக்கிறாங்க, நடுவுல அழறாங்க, மறுபடி ஜோக். டோன் உக்காரல."

டோன். என் அம்மாவுக்கு டோன் உட்காரவில்லை.

"சரி, படத்துல வேண்டாம். அந்தப் பேச்சை எனக்குக் குடு. எனக்கு மட்டும்."

அவன் என்னைப் பார்க்கவில்லை. "அழிச்சிட்டேன். வேற ஷூட்டிங்குக்கு மெமரி கார்டு தேவைப்பட்டுச்சு. படத்துல எப்படியும் வரப்போறதில்லன்னு..."

"என்ன சொன்னாங்கன்னாவது சொல்லு."

யோசித்தான். நடிக்கவில்லை, உண்மையாகவே யோசித்தான். அதுதான் கொடுமை. "ஏதோ பஸ்ஸு... மழை... உங்கப்பா எதையோ தொலைச்சிட்டாருன்னு. சரியா ஞாபகம் இல்ல. நான் ஃப்ரேமைப் பாத்துட்டிருந்தேன்."

எந்திரிச்சு வந்துட்டேன். அவன் பின்னால வரல. வந்திருந்தா? வந்திருந்தா என்ன பண்ணியிருப்பேன், மன்னிச்சிருப்பேனா? தெரியல. சீ, இதைக்கூட ஏன் யோசிக்கிறேன்.

மார்ச் 7

வகுப்புக்குப் போகவில்லை.

மார்ச் 15

"அன்னிக்கு அவன்கிட்ட என்னம்மா சொன்ன?"

"அதான் எடுத்து வச்சிருக்கானே, போய்க் கேளு."

"நீயே சொல்லேன்."

"போடி. அதெல்லாம் ஒரு தடவைதான் வரும். உன் மூஞ்சியைப் பாத்துச் சொல்ல முடிஞ்சா இத்தனை வருஷத்துல சொல்லியிருக்க மாட்டேனா?"

அழித்துவிட்டான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பத்திரமாக எங்கோ இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கிறாள்.

மார்ச் 22

புது நாவல். இதிலும் ஒரு ஏழை, இதிலும் ஒரு ஜன்னல். எழுதுகிறவர்களுக்கும் படம் எடுக்கிறவர்களுக்கும் நாங்கள் சும்மா இருந்தால்தான் பிடிக்கிறது. வாயைத் திறந்தால் எதையாவது கேட்டுவிடுவோம் என்ற பயமா? என் அம்மா ஜன்னலைத் துடைப்பாள். நின்று பார்த்து நான் கண்டதில்லை.

நூலகத்தில் யாரோ இருமினார்கள். நிமிராமலே அவன்தான் என்று தெரிந்தது. அப்புறம் ஒரு வரிகூட உள்ளே போகவில்லை. புத்தி இருக்கிறதா எனக்கு? இருக்கிறது. அது ஒரு மூலையில் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஏப்ரல் 12

படத்துக்குப் பரிசு. அறிவிப்புப் பலகையில் அம்மாவின் முகம், கீழே அவன் பெயர். 'எல்லாம் உங்க அம்மாவாலதான்' என்று செய்தி அனுப்பியிருந்தான். பதில் போடவில்லை. எண்ணை அழித்தேன். புகைப்படங்களையும் அழித்தேன். அவன் அனுப்பியிருந்த குறும்படத்தை மட்டும் அழிக்க முடியவில்லை.

ஹெட்போன் மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தேன். நடுவில் ஓரிடம். இசை தொடங்கும் முன் அம்மா மூச்சை உள்ளே இழுக்கிறாள். ஏதோ சொல்ல வாயெடுத்த மூச்சு. அங்கேயே வெட்டியிருக்கிறான். அப்பாவைப் பற்றியதாக இருக்கலாம். தாகமாக இருக்கிறது என்பதாகவும் இருக்கலாம்.

பக்கத்து அறையில் அம்மா போனில் யாரையோ வாரிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் சத்தத்தைக் கூட்டி வைத்து, அந்த மூச்சை இன்னொரு தடவை ஓடவிட்டேன்.